ஸப்னா கேட்ட பிணை

என் தம்பி றஸாக் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் வழியில், தனக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டை விலைபேசி விற்றுவிட்டு வந்தான். அது ஊரான் வீடாக இருந்திருந்தால் விஷயம் பொலிஸுக்குப் போயிருக்கும். அவன் விற்றது பெற்ற மகளின் வீட்டை. அதனால் விஷயம் என்னிடம் வந்தது.

எங்கள் கரையில், சாய்ந்தமருதிலும் கல்முனையிலும் அக்கம்பக்கத்து முஸ்லிம் ஊர்களிலும், வீடு என்பது பெண்பிள்ளைக்கு உரியது. தாய் தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பாள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவான். என் புருஷன் ஜெமீலும் அப்படி வந்தவர்தான். இத்தனை வருடமாகியும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறார். றஸாக், சுல்பிகாவின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனான். ஒரே மகள் ஸப்னா பெரியபிள்ளையானதும் சுல்பிகா அந்த வீட்டை அவள் பெயருக்கு உறுதிப்பத்திரம் முடித்துவிட்டாள். ஆக, இருபது வயதுப் பிள்ளையின் வீட்டில்தான் தாயும் தகப்பனும் குடியிருக்கிறார்கள். இதில் எங்களுக்கு ஒரு புதுமையும் இல்லை.

மாப்பிள்ளைப் பேச்சு வந்தபடியால் என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் றிம்சான் கட்டாரில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் ஸ்டோர் பார்க்கிறான். ஸப்னா அவனுக்குத்தான் என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே நான் மனதுக்குள் முடிவுகட்டியிருந்தேன். தம்பியின் மகள், பக்கத்து ஒழுங்கையில் வீடு, மூன்று அறை, ஓட்டுக்கூரை, உப்புக் கரிக்காத கிணறு. இதையெல்லாம் மாமிக்காரி யோசிக்காமல் வேறு யார் யோசிப்பது?

ஸப்னா ஆள் சின்னவள், குரலும் சின்னது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடமாட்டாள். நான் கணிதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டாள். நான் கூட்டியதில் பிழையாம், புள்ளி கூடிவிட்டதாம், குறைத்துத் தரட்டாம். ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் புள்ளியைக் கூட்டிக் கேட்டுத்தான் வருவார்கள். மற்ற டீச்சர்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, எனக்கு வந்த கோபத்துக்கு அவள் காதைத் திருகாமல் விட்டது பெரிய காரியம்.

நர்ஸாக வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு வந்தது தகப்பனின் காலால்தான். றஸாக் பிறருடைய தோணியில் பங்குக்குப் போகிறவன். ஒரு தடவை திருக்கை முள் குதிக்காலில் ஏறி, காயம் சீழ்பிடித்து, இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காயத்தைக் கழுவிக் கட்ட வேண்டும். சுல்பிகா காயத்தைக் கண்டதுமே வாசலுக்கு ஓடிப்போய் நின்று அழுவாள். ஸப்னாதான் செய்தாள். றஸாக் தெருவே கேட்கும்படி கத்துவான். "கத்துறெண்டா நல்லாக் கத்துங்க வாப்பா, கால மட்டும் அசைக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் வேலையைச் செய்வாள். எனக்கென்றால் தலை சுற்றியது. அவளுக்குப் பிடித்த வேலை அதுதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தியடைந்தாள். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறியது. அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள், நேர்முகத்துக்கும் போய் வந்தாள். பட்டியல் வந்தது, அதில் அவள் பெயர் இல்லை. ஆள் எடுக்கும் அடுத்த வர்த்தமானி அறிவித்தல் எப்போது வரும் என்று கேட்டால், கேட்டவரையே திருப்பிக் கேட்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து, கொழும்பில் உள்ள ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் கல்முனையில் ஒரு கலியாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் வைத்தார்கள். தாதியர் பட்டப்படிப்பு, நாலு வருடம், பதினைந்து லட்சம். டை கட்டிய ஒருவர் திரையில் லண்டன் ஆஸ்பத்திரியைக் காட்டினார், டுபாய் ஆஸ்பத்திரியைக் காட்டினார், பவுணையும் திர்ஹாமையும் ரூபாய்க்கு மாற்றிக் காட்டினார். போன தாய்மாருக்கெல்லாம் கண் விரிந்துவிட்டது. ஸப்னா மட்டும் எழும்பி, "சேர், இதுக்கு முதல் முடிச்சவங்கள்ள எத்தின பேருக்கு வேல கிடைச்சிரிக்கி?" என்று கேட்டாள். அவர், "வெரி குட் குவெஸ்டியன்" என்று பாராட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். மாதக் கடைசிக்குள் முதல் தவணை கட்டினால்தான் இடம் என்றும் சொன்னார். சுல்பிகா அவர்கள் இலவசமாகக் கொடுத்த பையையும் தூக்கிக்கொண்டு, மகள் லண்டனுக்குப் போயே விட்ட மாதிரி வீடு வந்து சேர்ந்தாள்.

ஸப்னா அந்த டைக்காரரை நம்பவில்லை. காரைதீவில் யசோதினி என்று ஒரு பிள்ளை இதே போலத் தனியார் கல்லூரியில் படித்துக் கொழும்பில் வேலை செய்கிறது, கோவில் திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். யசோதினியின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் ஒரு மிடறு குடிப்பதற்குள் ஸப்னா, "அக்கா, மாசம் எவ்வளவு எடுக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

யசோதினிக்குக் கோபம் வரவில்லை. "அத முதல் கேக்காதீங்க தங்கச்சி. முதல் சம்பளம் எப்ப வந்த எண்டு கேளுங்க. கடைசிச் சோதினை முடிச்சு ஒரு வருசம் போச்சு. நர்ஸ் எண்டு பதிவு வரணும், பிறகு ஆள் எடுக்கணும். அந்த ஒரு வருசமும் அப்பாட காசிலதான் சாப்பிட்டன்."

"பிறகு?"

"ஓவர்டைமோட அறுபதாயிரம். இப்ப நைட் டியூட்டியும் சேர்த்து எண்பது வருது. போர்டிங், பஸ், சாப்பாடு போக அரைவாசி மிஞ்சும்."

"கவர்மென்ட்ல டிப்ளோமா முடிச்ச அக்காமாருக்கு?"

"அவங்களுக்குப் படிக்கேக்கயே காசு குடுக்கிறாங்க. சம்பளமும் எங்களவிடக் குறைவில்ல. அந்த லிஸ்ட்ல உங்கட பேர் வந்திருந்தா நீங்க இஞ்ச வந்து என்னட்டக் கேக்கவே தேவையில்ல. அடுத்த லிஸ்ட்டப் பாத்துக்கொண்டு இருந்த ஒரு பிள்ளைய எனக்குத் தெரியும். மூணு வருசம் இருந்து பாத்துட்டுக் கலியாணம் கட்டிட்டா."

"அப்ப டிகிரியால என்ன லாபம் அக்கா?"

"வெளிநாட்டுக்குப் போறெண்டா லாபம். அதுக்கு ரெண்டு வருச வேலையும் வேணும், தனிச் சோதினையும் இருக்கு. நான் இப்பதான் அதுக்குப் படிக்கிறன். அதுவரைக்கும் லாபம் எண்டு சொல்ல ஒண்டுமில்ல."

ஸப்னா விடவில்லை. படிப்புக்குக் காசு எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டாள். யசோதினி பதில் சொல்லமுன் தாயைப் பார்த்தாள். தாய் எழும்பி உள்ளே போய்விட்டார்.

"வீரமுனையில எங்களுக்கு மூணு ஏக்கர் வயல் இருந்தது. அத ஈடு வச்சார் அப்பா. இன்னும் மீட்கல்ல. எங்கட வயலில வேற ஆக்கள் வெட்டுறாங்க, அப்பா கடையில அரிசி வாங்குறார். திரும்பவும் படிக்கச் சொன்னா நான் நர்சிங்தான் படிப்பன். ஆனா வயல வைக்க விடமாட்டன்."

திரும்பி வரும்போது ஸப்னா ஓட்டோவுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பயந்துவிட்டாள், இனி இந்தக் கொழும்புப் பேச்சை விட்டுவிடுவாள், றிம்சானின் விஷயத்தைப் பெருநாளோடு எடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். கணித டீச்சர் போட்ட கணக்கு பிழைத்துப்போனது. அவள் அடுத்த நாளே இணையத்தில் தேடி, அரசாங்கம் கொடுக்கும் வட்டியில்லாத மாணவர் கடனைக் கண்டுபிடித்தாள். பன்னிரண்டு லட்சம் வரை கொடுப்பார்கள், படித்து முடித்த பிறகு ஏழு வருடத்தில் கட்ட வேண்டும். மிச்சத்தை வாப்பாவின் பங்குக் காசிலும் உம்மா தைக்கிற அபாயாக்களிலும் மாதாமாதம் சமாளிக்கலாம் என்றாள்.

றஸாக்குக்குக் கடன் என்ற சொல்லே ஆகாது. எங்கள் ஊரில் ஒருவர் மவுத்தானால், அடக்கப் போகிற ஜனாஸாவைத் தொழுவிக்கும் முன்னால் குடும்பத்து ஆண் ஒருவர் எழும்பி நின்று, இறந்தவர் யாருக்கும் கடன் கொடுக்க வேண்டியிருந்தால் தன்னிடம் வந்து சொல்லுங்கள் என்று சபையில் கேட்பார். அந்த நேரம் பள்ளிவாசலில் ஒரு சத்தம் இருக்காது. தினமும் கடலுக்குப் போகிற றஸாக்குக்கு அந்தக் காட்சி மனதிலிருந்து போவதேயில்லை. மகள் கடனுக்குப் போகமுன் தானே முந்திக்கொள்ள நினைத்தான். அதுதான் அந்த வெள்ளிக்கிழமை.

வீட்டை வாங்க முன்வந்தவர் ஹாட்வெயார் கடை மீராசா. அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மகளுக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீடு சாமான் விலை ஏறியதில் பாதியில் நின்றுவிட்டது. கட்டிமுடித்த வீடு ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. முப்பத்தைந்து லட்சம் என்று பேசி, ஐந்து லட்சம் அட்வான்ஸைக் கையில் கொடுத்து, அடுத்த வியாழன் பத்திரம் எழுதும் நொத்தாரிஸிடம் உறுதி முடிப்பதென்று வாக்கும் வாங்கிவிட்டார்.

சுல்பிகா ஆள் அனுப்ப, நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். றஸாக் காசுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி கதிரையில் இருந்தான். சுல்பிகா சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"ஆருட வீட்ட ஆருடா விக்கிற?" என்றேன்.

"ராத்தா, நான் கடலுக்குப் போறவன். நாளைக்கு எண்ட ஜனாஸாவுல ஜெமீல் மச்சான் எழும்பி நிண்டு கடன் கேக்கணுமா? புள்ளட தலையிலயும் கடன் வேணாம், எண்ட தலையிலயும் வேணாம். வீட்ட வித்தா ரெண்டு பேருக்கும் நிம்மதி."

"அட மடையா, மடியில வெச்சிரிக்கியே, அது என்ன? உறுதி முடியும் வரைக்கும் அதுவும் கடன்தானே! இப்ப நீ மவுத்தானா மீராசாதான் முதல் ஆளா எழும்புவார்."

அவன் பையைக் குனிந்து பார்த்தான். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. சுல்பிகா என் கையைப் பிடித்தாள். "வீடு போனாப் போகட்டும் மதினி. புள்ள படிக்கட்டும். நான் எங்க இருந்தும் தைப்பன்" என்றாள். உம்மாமாருக்குப் பைத்தியம் பிடித்தால் மருந்தே இல்லை.

ஸப்னா அதுவரை அறை வாசலில் நின்றாள். "வீட்டக் குடுத்துட்டு எங்க இரிக்கப்போறீங்க வாப்பா?"

"வாடகைக்கு."

"சாய்ந்தமருதுல வாடக இருபதாயிரம். எண்ட கடனுக்கு மாசம் பதினாலாயிரத்துச் சொச்சம். கடன் ஏழு வருசத்துல முடியும். வாடக எப்ப முடியும்?"

றஸாக் விரலை மடித்து எண்ணத் தொடங்கினான். நானும் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி. படிப்புச் செலவும் கொழும்பில் தங்கிச் சாப்பிடும் செலவும் போக, விற்ற காசில் மிஞ்சுவதைக் கொண்டு எங்கள் ஊரில் ஒரு துண்டுக் காணிகூட வாங்க முடியாது. மகளுக்கு வீடு கட்டப் பட்ட கடனை எங்கள் ஊரில் யாரும் கடனென்றே சொல்வதில்லை, அது தகப்பனின் கடமையாம். மகள் படிக்கப் பட்டால் மட்டும் பள்ளிவாசல் சபைவரை யோசிக்கிறார்கள். இந்தப் புத்தியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆனால் கடனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. தகப்பனோடு சேர்ந்து அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற ஒருவரும் பிணை நிற்க வேண்டும். வியாழனுக்குள் பிணை கிடைத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் ஒன்று வீடு போகும், இல்லாவிட்டால் படிப்புப் போகும். சனிக்கிழமையிலிருந்து ஸப்னா அலைந்தாள். பள்ளிக்கூட அதிபர் ஏற்கனவே இரண்டு பேருக்குப் பிணை நிற்பதாகச் சொன்னார். பிரதேச சபையில் கிளாக்காக இருக்கும் சுல்பிகாவின் சொந்தக்காரர் சரியென்று சொல்லிவிட்டு, பொஞ்சாதியைக் கேட்டுவிட்டு இல்லையென்றார். நானும் அரசாங்க ஆசிரியைதான். அவள் என்னிடம் வரவேயில்லை. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. என் வாசலைத் தாண்டித்தான் தினமும் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தாள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஜெமீல் முன் ஹோலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரெல்லாம் சுத்திப்போட்டுக் கடைசியா மாமிட்ட வந்திரிக்கா" என்றேன்.

"ஓம் மாமி. பிணைக்குக் கையெழுத்து வேணும்."

உடனே சரியென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயம்தான், வேறென்ன? எங்கள் பள்ளிக்கூடத்தில் சுஜித்தா டீச்சர் யாருக்கோ பிணை நின்று, கடன் எடுத்தவர் நாட்டை விட்டே போய், இரண்டு வருடம் அவருடைய சம்பளத்தில் வெட்டினார்கள். அந்த இரண்டு வருடமும் அவர் புதுச் செருப்புக்கூட வாங்கவில்லை. எனக்குப் பென்சனுக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. பயத்தோடு இன்னொன்றும் மனதில் இருந்தது. அது பயத்தைவிடப் பெரிது.

சிவப்புப் பேனையை மூடி வைத்தேன். "வெக்கிறன் மகள். ஒனக்கு வெக்காம ஆருக்கு வெக்கப்போறன்? நீயும் எனக்கு ஒரு வார்த்த தா. படிச்சு முடிச்ச கையோட றிம்சானுக்கும் ஒனக்கும் நிக்காஹ். அந்த வீட்டுலயே இரிக்கலாம். வாப்பாவும் உம்மாவும் ஒங்களோடயே இரிக்கட்டும். நான் ஒண்டும் செல்லமாட்டன்."

இதை எவ்வளவு பெருந்தன்மையோடு சொன்னேன் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஸப்னா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க இதக் கேப்பீங்க எண்டுதான் மாமி கடைசியா வந்த. அந்தக் கடனுக்கு வட்டி இல்ல. ஒங்கட கையெழுத்துக்குத்தான் வட்டி."

என் கை ஓங்கிவிட்டது. அவள் அசையவில்லை. முன் ஹோலில் பேப்பர் சத்தம் நின்றது.

"றிம்சான் மச்சானோட எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்றாள் அதே சின்னக் குரலில். "அவருக்கு விருப்பமெண்டா அவர் என்னட்டக் கேக்கட்டும், பதில் செல்லுவன். கடனோட சேத்துக் கேக்காதீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு நொத்தாரிஸிட்ட போறம். நான் சைன் வெச்சு வீட்டக் குடுத்துடுவன். வாப்பாட வாக்கும் மிஞ்சும், எண்ட படிப்பும் மிஞ்சும். வாடகைய நான் உழைச்சுக் கட்டுறன்."

போய்விட்டாள். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, கேற் சாத்துகிற சத்தம் கேட்டது.

என் வீட்டுக்குள் நின்று என்னைப் பார்த்து வட்டி என்று சொல்லிவிட்டாள். வட்டி எங்கள் மார்க்கத்தில் ஹராம், சம்பளக் கணக்கில் வங்கிக்காரன் போடுகிற வட்டியைக்கூட நான் தொடமாட்டேன். வருடக் கடைசியில் அதைக் கணக்குப் பார்த்து எடுத்து, பொது மலசலகூடம் கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிடுவேன். அந்தக் காசில் ஒரு மிட்டாய் வாங்கித் தின்றதில்லை. அப்படிப்பட்ட என்னை! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஜெமீலிடம் போய், "கேட்டீங்களா, அவள் செல்லிட்டுப் போறத?" என்றேன். என் பக்கம் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன்.

அவர் பேப்பரை மடித்தார். "புள்ள பொய்யா செல்லிச்சு?" என்று கேட்டார்.

இருபத்தெட்டு வருடத்தில் அந்த மனிதர் என்னை எதிர்த்துக் கேட்ட கேள்விகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. கோபம் அவரோடு இல்லை என்பது அவருக்கும் தெரியும். பிள்ளையைத் தெருவில் விட மனமில்லாத மாமி என்று என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என்னையும் மீராசாவையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அவராவது முப்பத்தைந்து லட்சம் என்று விலையைச் சொல்லிவிட்டு வாங்குகிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் அதிபருக்கு ஃபோன் பண்ணி லீவு சொன்னேன். ஓட்டோ பிடித்துக் கல்முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. வழியில் ஓட்டோக்காரன் ஒரு கடையில் வெற்றிலை வாங்க நிறுத்தினான், அவனை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. நொத்தாரிஸின் அறைக்குள் நான் நுழைந்த நேரம் அவர் உறுதியை வாசித்து முடித்திருந்தார். மீராசா ஒரு பக்கம், றஸாக்கும் சுல்பிகாவும் மறுபக்கம். ஸப்னாவின் கையில் பேனை இருந்தது.

"பொறு மகள்!" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

றஸாக்கின் மடியில் இருந்த பையைப் பிடுங்கி மீராசாவின் முன்னால் வைத்தேன். ஐந்து லட்சமும் அப்படியே இருந்தது, அதில் ஒரு தாளை எடுக்க அவனுக்குத் துணிவு வந்திருக்கவில்லை.

"என்ன டீச்சர் இது?" மீராசா எழும்பிவிட்டார். "ஒரு வாக்கு எண்டா அதுக்கு மதிப்பில்லயா? அடுத்த மாசம் எண்ட புள்ளட நிக்காஹ். நான் எங்க போய் வீடு தேடுற?"

அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அவரும் ஒரு மகளுக்காகத்தான் அலைகிறார். "வாக்குத் தந்தவன்ட வீடில்ல ஹாஜியார் அது. வீட்டுக்காரி இன்னும் வாக்குத் தரல்ல. அவட்டக் கேளுங்க" என்றேன்.

எல்லோரும் ஸப்னாவைப் பார்த்தார்கள். அவள் பேனையைக் கீழே வைக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"கையெழுத்துக்கு என்ன கேப்பீங்க மாமி?"

இத்தனை பேருக்கு முன்னால்! என் காது சுட்டது. "ஒண்டும் கேக்க மாட்டன்" என்றேன்.

"பிறகும்?"

"பிறகும் கேக்க மாட்டன். இப்ப எழும்பி வா, பேங்க் மூடப் போகுது."

பேங்க் மூட இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அவள் பேனையை மூடி நொத்தாரிஸிடம் கொடுத்துவிட்டு எழும்பினாள். மீராசா பையை எடுத்துக்கொண்டு ஒரு ஸலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார். றஸாக் தலையைக் குனிந்தபடி எங்களுக்குப் பின்னால் வந்தான்.

வங்கியில் றஸாக் முதலில் கையெழுத்து வைத்தான். வைக்கும்போது பிஸ்மி சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்தது நான். உத்தியோகத்தர் பத்திரங்களை என் பக்கம் திருப்பி, இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று விரலால் தொட்டுக் காட்டினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் பேனையைத் திறந்தேன்.

"சேர், கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஸப்னா. "நான் கட்டாட்டி மாமிட சம்பளத்துல எவ்வளவு வெட்டுவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கடன் எடுக்கிறவர் இதைக் கேட்டு அவர் கண்டதில்லை போலிருக்கிறது. "முழுத் தவணையும் வெட்ட ஏலும்" என்றார்.

"மாமி பென்சன் போன பிறகு?"

"அப்பவும் பொறுப்பு அவங்களுக்குத்தான். வழக்கு வரைக்கும் போகலாம்."

ஸப்னா என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா மாமி? மாசம் பதினாலாயிரத்துச் சொச்சம். நான் படிச்சு முடிச்சு முதல் ஒரு வருசம் சம்பளம் வராமயும் போகும், யசோதினி அக்காக்கு அப்படித்தான் ஆன. அந்த ஒரு வருசமும் ஒங்கள்ட்டத்தான் வந்து நிப்பாங்க. வேல கிடைச்ச உடனே முதல்ல அதத்தான் திருப்பித் தருவன். கிடைக்காட்டி எப்ப தருவன் எண்டு எனக்குச் செல்லத் தெரியா. இதுக்குச் சம்மதமெண்டா வெய்ங்க. இல்லாட்டி வேணாம், நான் கோவிக்க மாட்டன்."

அவளுடைய முகம் வெளிறிப்போயிருந்தது. நான் எழும்பிப் போய்விடுவேன் என்று அவளுக்குப் பயம். போயிருக்கவும் கூடும், அவ்வளவு பயம் எனக்கும் இருந்தது. சுஜித்தா டீச்சரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நேற்று நான் அவளிடம் கையெழுத்துக்கு என்ன விலை என்பதை அன்பு மாதிரிச் சுற்றிக் கொடுத்தேன். அவள் எனக்கு விலையைப் பிரித்தே காட்டிவிட்டாள்.

"எங்க வெக்கிற சேர்?" என்று கேட்டு, அவர் காட்டிய இரண்டு இடத்திலும் கையெழுத்து வைத்தேன். பயத்தோடுதான் வைத்தேன், ஆனால் எவ்வளவுக்கு என்று தெரிந்து வைத்தேன்.